மஞ்சள் பெட்டியும் பலாப்பழ ஐஸும்

கீரப்பாளையத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே கலியமூர்த்தி கடை. மளிகைச் சாமான், ரீசார்ஜ், வாழைத்தார், பேனா, ஐஸ்கிரீம் எல்லாம் அங்கே கிடைக்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் அரைநாள். சிதம்பரம் பஸ் வரும்வரை நிழலில் நிற்கலாம் என்று அந்தக் கடைப் பக்கம் போனேன்.

கடை வாசலில் பெரிய கம்பெனியின் சிவப்பு ஃப்ரீசர். அதற்குள் தலையை விட்டு ஒருவன் எதையோ துழாவிக்கொண்டிருந்தான். கம்பெனி பெயர் போட்ட சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, என் தம்பி குமார்.

கையில் மஞ்சள் மூடி போட்ட கப் ஒன்று. அதைக் கல்லா மேஜை மேல் வைத்தான். மறுபடி குனிந்தான், இன்னொன்றை எடுத்தான். கம்பெனியின் குச்சி ஐஸ், கோன் ஐஸ் எல்லாவற்றுக்கும் அடியில், ஓர் அட்டைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த மஞ்சள் கப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கினான். மேஜை மேல் பாதிக்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கப்புகளில் இருந்தது என் வீட்டுக்காரர் செய்த ஐஸ்கிரீம்.

“அக்கா, நீ எங்க இங்க வந்த?” என்றான் குமார். முகம் செத்துப் போயிருந்தது.

“இங்கதான்டா நான் வேல பாக்குறேன். மறந்துட்டியா?”

“நீ பஸ்ஸுக்குப் போக்கா. பாத்துக்கினு நிக்காத.”

நான் போகவில்லை. அப்படியெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுப் பழக்கமும் இல்லை. கப்புகளின் மேல் முத்து முத்தாக வேர்த்தது. கொஞ்ச நேரத்தில் மூடிக்கடியிலிருந்து மஞ்சளாக ஒழுக ஆரம்பித்தது.

குளிர் தெரிந்த மனுஷன்

என் வீட்டுக்காரர் ராமலிங்கத்தைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை அதிகம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கோபம் வரும், கோபம் போனால் அழுகை வரும். அதனால் தள்ளிக்கொண்டே வந்தேன்.

கடலூர் முதுநகரில் மீன்பிடிப் படகுகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் போடும் ஃபேக்டரியில் அவர் மெஷின் ஆபரேட்டர். சிதம்பரத்தில் வீடு. விடியற்காலைப் பஸ்ஸில் போய் இருட்டிய பிறகு வருவார். உடம்பில் எப்போதும் அம்மோனியா வாடையும் மீன் வாடையும் கலந்து அடிக்கும். கல்யாணமான புதிதில் எனக்குக் குமட்டும். பிறகு அந்த வாடை வந்தால்தான் அவர் வந்துவிட்டார் என்று சோறு போடுவேன்.

ஒரு வைகாசியில் பண்ருட்டியிலிருந்து யாரோ கொடுத்த பலாப்பழத்தைச் சுமந்து வந்தார். சுளையை எடுத்து, கொட்டையை நீக்கி, அடுப்பில் போட்டு வெல்லம் சேர்த்துச் சுண்டச் சுண்டக் கிண்டினார். அதை ஆறவைத்து, காய்ச்சிய பாலில் கலந்து, மறுநாள் ஃபேக்டரிக்கு எடுத்துப் போனார். அன்றைக்குத் திரும்பி வரும்போது கையில் ஒரு தூக்கு, அதற்குள் ஐஸ்கிரீம்.

“டீச்சரம்மா, ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு” என்றார். எனக்குப் பெயர் இருந்தது. அவர் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சாப்பிட்டேன். இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. பலாப்பழத்தைத் தின்றால் வரும் கனம் இல்லை, வாசனை மட்டும் மெதுவாக மேலே வருகிறது. நடுவில் சின்னச் சின்ன சுளைத் துண்டு கடிபடுகிறது.

“பச்சையா அரச்சிப் போட்டா தண்ணி ஜாஸ்தியாயிடும். ஐஸ் நரநரங்கும். அதான் சுண்ட வெச்சன்” என்றார்.

ஃபேக்டரியின் ஒரு மூலையை வாடகைக்குக் கேட்டார். வேலையை விட்டார். தன் ஐஸுக்குப் பொன்சுளை என்று பெயர் வைத்தார். என் நகைகள் போன கதையை இங்கே எழுத மாட்டேன், அது எங்கள் இருவருக்கும் உள்ளது.

பாடத்தில் இல்லாத பெட்டி

நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொருளாதாரம் நடத்தியவள். முற்றுரிமை, நிறைவுப் போட்டி எல்லாம் வருஷா வருஷம் நடத்துவேன். நிறைவுப் போட்டிச் சந்தையில் எந்த நிறுவனமும் தடையில்லாமல் உள்ளே வரலாம், தடையில்லாமல் வெளியே போகலாம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளை அடிக்கோடு இடச் சொல்வேன்.

அந்தப் பாடத்தில் ஃப்ரீசரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஐஸ்கிரீம் விற்க வேண்டுமென்றால் கடையில் ஃப்ரீசர் வேண்டும். சின்னக் கடைக்காரருக்கு அதை வாங்க வசதி இல்லை. பெரிய கம்பெனி இலவசமாகக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. கரண்டுக்கும் கொஞ்சம் கொடுக்கிறது. ஒரே ஒரு நிபந்தனைதான், அதில் அவர்கள் சரக்கைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது. கடை வாசலில் இடம் இருப்பதோ ஒரு பெட்டிக்கு. அந்த ஒரு பெட்டி யாருடையதோ, ஊரே அவர்கள் ஐஸைத்தான் தின்னும்.

எங்கள் ஐஸை ருசி பார்த்த கடைக்காரர்கள் எல்லாரும் சப்புக்கொட்டினார்கள். “நல்லாருக்கு சார். ஆனா எங்க வெக்கிறது?” என்று கேட்டார்கள்.

திருவதிகைத் தேரோட்டத்தில் மட்டும் அந்தக் கேள்வி வரவில்லை. அங்கே யாருக்கும் கடை கிடையாது, எல்லாருக்கும் தள்ளுவண்டிதான். எங்கள் மஞ்சள் வண்டியும் கம்பெனியின் சிவப்பு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தேர் நிலைக்கு வருவதற்குள் எங்கள் வண்டி காலி. வண்டிக்காரர் காலிப் பெட்டியைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தாலி கட்டும்போதுகூட அப்படிச் சிரித்தவரில்லை.

அந்தச் சிரிப்புதான் எங்களைக் கெடுத்தது. சம வண்டி கொடுத்தால் ஜெயிக்கலாம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

என் பெட்டியில் எதுவும் வைக்கலாம்

பழைய ஃப்ரீசர்களாக வாங்கினார். ரிப்பேர் பார்த்து, பலாச்சுளை நிறத்தில் பெயிண்ட் அடித்து, இருக்கிற இடத்தில் இடுக்கிக்கொள்ளும் சின்னப் பெட்டிகளாகக் கடைகளுக்குக் கொடுத்தார். கடலூரிலிருந்து கிள்ளை வரைக்கும் மஞ்சள் பெட்டி நின்றது. கலியமூர்த்தி கடையிலும் சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று நின்றது.

கொடுக்கும்போது ஒவ்வொரு கடையிலும் ஒன்றைச் சொல்லிவிட்டு வருவார். “அவுங்கள மாரி நான் கண்டிஷன் போட மாட்டேன். என் பொட்டில எது வேணா வெக்கலாம்.”

“ஏங்க, இது என்ன பேச்சு?” என்று நான் சண்டை போட்டேன்.

“கண்டிஷனாலதான டீச்சரம்மா நம்மள வெளிய நிக்க வெச்சான்? நானும் அதையே பண்ணா அவனுக்கும் எனக்கும் என்னா வித்தியாசம்?”

நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நடத்தியவர்களுக்குத்தான் தெரியும்.

என் தம்பி குமார் அப்போது அந்தப் பெரிய கம்பெனியின் சிதம்பரம் ஏரியா சேல்ஸ்மேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. “மாமா, சாவிய ஊரான் கையில குடுத்துட்டுத் தூங்குறீங்க” என்பான். “நீ உன் பொட்டியப் பாரு மச்சான்” என்று இவர் அவன் இலையில் இன்னொரு மீன் துண்டை வைப்பார். ஒருவர் மேல் ஒருவர் அவ்வளவு பிரியம். வெளியில் போனால்தான் சிவப்பும் மஞ்சளும்.

முதல் கோடையில் நன்றாகப் போனது. அப்புறம் ஒரு பேச்சு கிளம்பியது. மஞ்சள் பெட்டி ஐஸ் மணலாக இருக்கிறது என்றார்கள். என் வகுப்பிலேயே ஒரு பெண் வெள்ளந்தியாகச் சொன்னாள், “டீச்சர், உங்க ஐஸு நாக்குல நறுக்கு நறுக்குங்குது.”

அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பாலை மாற்றினார், மெஷினைப் பிரித்துப் பார்த்தார். ஃபேக்டரியில் எடுத்துத் தின்றால் வெண்ணெயாக இருக்கிறது. கடைக்குப் போனால் மணலாகிவிடுகிறது.

ஒருநாள் காலையில் சீக்கிரமே கீரப்பாளையம் போனவர், கலியமூர்த்தி கடை திறப்பதைப் பார்த்திருக்கிறார். ஷட்டரைத் தூக்கினார் கலியமூர்த்தி. வாசல் தெளித்தார். சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்தினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதே பயபக்தியோடு மஞ்சள் பெட்டியின் சுவிட்சைப் போட்டார்.

“ராத்திரி நிறுத்திடுவீங்களா?” என்று கேட்டிருக்கிறார் இவர்.

“கட மூடுனா எல்லாத்தையும் நிறுத்திட்டுதான சார் போவோம்? மூடிதான் இறுக்கமா கீதே, குளிர் எங்க போயிடப் போவுது?”

“செவப்புப் பொட்டியையும் நிறுத்துறீங்களா?”

“ஐயோ, அத நிறுத்துனா கம்பெனிக்காரன் பொட்டியத் தூக்கினு போயிடுவான் சார். நீங்க நம்ம ஆளு. கோச்சுக்க மாட்டீங்க.”

ராத்திரி உருகி, பகலில் மறுபடி உறைந்து, ஐஸ் மணலாகியிருக்கிறது. அந்தக் கடையில் மட்டுமா, எல்லாக் கடையிலும் அதே கதைதான். நம்ம ஆளு என்பதால் நிறுத்தியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவருக்குக் கோபமே வரவில்லை. எனக்குத்தான் வந்தது. “போய்க் கத்துங்க. பொட்டியத் தூக்கிடுவேன்னு சொல்லுங்க” என்றேன். மறுநாளிலிருந்து கடை கடையாகப் போனார். கத்தவில்லை. கெஞ்சினார். தலையாட்டினார்கள். சிலர் நிறுத்தாமல் விட்டார்கள், பலர் இவர் வண்டி தெருமுனை தாண்டியதும் மறந்துபோனார்கள்.

புயல் அடித்த வாரம்

அப்புறம் புயல். எங்கள் கரைக்குப் புயல் புதிதில்லை. பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. மரம் விழுந்தது, போஸ்ட் விழுந்தது, கரண்டு போனது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஃபேக்டரியில் இருந்த சரக்கு முழுக்க இளக ஆரம்பித்தது. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. கொட்டிவிடலாம் என்றார்கள். இவர் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு கிள்ளைக்கு விட்டார். கடலோரத்து ஜனங்களை அங்கே பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். நானும் கூடப் போனேன்.

வெளியே கொட்டுகிற மழை. ஈரப் பாவாடையும் சட்டையுமாகப் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிரில் ஐஸ்கிரீம் கொடுத்த ஒரே ஆள் உலகத்தில் என் வீட்டுக்காரராகத்தான் இருப்பார். பிள்ளைகள் பல் கிட்டிக்கொள்ளச் சிரித்துச் சிரித்துத் தின்றன. ஒரு தாய், “குளுருல தின்னாதீங்கடி, சளி புடிக்கும்” என்று அதட்டிவிட்டுத் தானும் ஒரு கப் வாங்கிக்கொண்டார். இவர் வாசலில் நனைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். அழுதாரா என்று மழையில் தெரியவில்லை. நான் அழுதேன்.

கரண்டு வந்தது. எங்களுக்கு மறுபடி பால் கிடைத்து, மெஷின் ஓடி, முதல் சரக்கு ஏறுவதற்குள் கம்பெனி லாரி வந்துவிட்டது. உருகிப் போனதற்குப் பதிலாகக் கடைக்காரர்களுக்குப் புதுச் சரக்கு இறக்கினார்கள். சிவப்புப் பெட்டி நிறைந்து வழிந்தது. மிச்சத்தை எங்கே வைப்பது? பக்கத்திலேயே காலியாக மஞ்சள் பெட்டி.

எங்கள் வேன் போனபோது எங்கள் பெட்டியிலேயே எங்களுக்கு இடமில்லை.

“நீங்கதான சார் சொன்னீங்க, எது வேணா வெக்கலாம்னு?” என்றார் கலியமூர்த்தி. நக்கல் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார்.

“ஆமா, சொன்னன்” என்று இவர் வேனைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. சிலவற்றை விற்றோம். சில கடைகளில் பூ வைத்தார்கள், மீன் வைத்தார்கள். ஒரே ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் போட்டோம். அதில் நான் இட்லி மாவு வைத்தேன்.

மறுபடி கீரப்பாளையம்

ஜனங்கள் மட்டும் பலாப்பழ ஐஸைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் கலியமூர்த்தி, பத்துப் பதினைந்து கப்பை வாங்கிக் கம்பெனி பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தார். சிவப்புப் பெட்டியை யாரும் நிறுத்துவதில்லையே, அதனால் ஐஸ் மணலாகவில்லை. என் வீட்டுக்காரர் ஐஸ் அவர் நினைத்த பதத்தில் கடையில் விற்றது அந்தக் கொஞ்ச நாள்தான், எதிராளியின் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு.

அந்தக் கப்புகளைத்தான் அன்றைக்கு குமார் வெளியே எடுத்து அடுக்கினான்.

“மாமா சரக்குன்னு தெரிஞ்சுமா எடுக்குற?” என்றேன்.

“தெரிஞ்சிதான் நானே வந்தன். வேற ஆள் வந்திருந்தா இந்தக் கடைக்காரரு பொட்டியத் தூக்கியிருப்பான். மேல கம்ப்ளெய்ண்ட் போயிடுச்சிக்கா. நான் என்னா பண்ணுவன்?”

அவன் சொன்னது பொய்யில்லை. அவனுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அந்தச் சட்டைதான் அவன் வீட்டு அடுப்பை எரித்தது.

நான் ஒரு கப்பை எடுத்து மூடியைக் கிழித்தேன். பாதி இளகியிருந்தது. மரக் கரண்டியால் அவன் கண் முன்னாலேயே நின்று சாப்பிட்டேன். இன்னொன்றைத் திறந்து அவனிடம் நீட்டினேன். கம்பெனிச் சட்டையோடு அவன் தயங்கினான். தெருவை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை வழித்துத் தின்றான்.

மிச்சத்தைப் பஸ்ஸுக்கு நின்ற என் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. அவருக்கு எப்படியோ தெரிந்தது. அந்த வருஷப் பலாப் பருவம் முடிந்ததும் ஃபேக்டரி மூலையைக் காலி செய்தார். தடையில்லாமல் வெளியே வந்தோம். பாடத்தில் அந்தப் பாதி மட்டும் சரி.

குமார் கொண்டுவந்த கப்

தொண்டையில் கட்டி என்று தெரிந்தது சில வருஷம் கழித்து. புதுச்சேரியில் வைத்தியம். கரண்டு வைப்பது என்பார்களே, அந்தக் கதிர்வீச்சு சுட்டதில் உள்ளே எல்லாம் புண். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சோறு இறங்கவில்லை, கஞ்சி இறங்கவில்லை. குளிர்ந்ததாக ஏதாவது கொடுங்கள் என்றார் டாக்டர்.

“நம்ம ஐஸ் இருந்தா ஒரு வாய் சாப்புடலாம்” என்றார் ஒருநாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

“நான் செய்யறேன். எப்படின்னு சொல்லுங்க.”

“சட்டில கிண்டுனா அது பாயசம் டீச்சரம்மா” என்று சிரித்தார். பலாப்பழப் பருவமும் இல்லை. மெஷினும் இல்லை.

மறுநாள் குமார் வந்தான். துண்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். நான் துண்டைப் பிடுங்கினேன். கம்பெனியின் கப். மூடியில் பலாச்சுளை படம். அந்த வருஷம்தான் புதிதாக விட்டிருந்தார்கள்.

“எடுத்துக்கினு வெளிய போடா” என்றேன்.

“ஆபீஸ்ல கேட்டாங்கக்கா, உங்க ஏரியால ஜனங்க என்னா கேக்குறாங்கன்னு. பலாப்பழம்னு சொன்னன். கேட்டதச் சொன்னன். இப்பிடி ஆவும்னு தெரியாது.” கட்டிலைப் பார்த்துக்கொண்டே அழுதான். “மாமா, திட்டிடுங்க மாமா.”

அவர் கையை நீட்டினார். “குடு மச்சான்.”

நான்தான் ஊட்டினேன். முதல் கரண்டியை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். முன்பு ஃபேக்டரியில் ஒவ்வொரு ஈடும் இறக்கும்போது அப்படித்தான் மூடுவார். வெகுநேரம் விழுங்கவில்லை. குமார் பரீட்சை முடிவுக்கு நிற்பவன் மாதிரி நின்றான்.

“பழத்தச் சுண்ட வெக்கல” என்றார். “எசென்ஸ் ஜாஸ்தி.”

இன்னொரு கரண்டி. அதையும் நாக்கில் வைத்துக் கரையவிட்டார்.

“ஆனா மணலா இல்ல. எந்தக் கடைல வாங்குன?”

“கலியமூர்த்தி கடை, மாமா.”

“அப்ப ராத்திரில நிறுத்தல.” தலையை ஆட்டினார். “நல்லா வெச்சிருக்கான்.”

அதற்குமேல் சாப்பிட முடியவில்லை. மிச்சத்தை அப்புறம் சாப்பிடுகிறேன், எடுத்து வை என்று சைகை காட்டினார். நான் கப்போடு கூடத்துக்குப் போய் மஞ்சள் பெட்டி முன்னால் நின்றேன். மூடியைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அந்தப் பெட்டியில் போய் அந்தக் கப்பை எப்படி வைப்பது? அவர் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“வை” என்றார். “நம்ம பொட்டில எது வேணா வெக்கலாம்.”

வைத்தேன். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

இப்போது நான் ஒருத்திதான். மாவு ஆட்டுவதில்லை, மீன் வாங்குவதில்லை. ஒருத்திக்கு இந்தப் பெட்டி எதற்கு, கரண்டு வீண்தானே என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். குமார் மட்டும் கேட்பதில்லை. வந்தால் அதன் மேல் ஒரு தடவை கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறான்.

அந்தக் கப் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ராத்திரியில் நான் பெட்டியை நிறுத்துவதில்லை.